நடுக்குவாத நோயும் நரம்பணு வளர்ப்பும்

கொச்சி மாநகராட்சியின் தென்பகுதியில், காயல் நீரால் சூழப்பட்ட நிலப்பரப்பு இடக்கொச்சி. மீன்பிடித்தல், இறால் உரித்தல், படகு பழுதுபார்த்தல், கட்டட வேலை, சிறு வணிகம் ஆகியவை இவ்வட்டாரத்து மக்களின் தொழில்கள். இவற்றுள் பெரும்பாலானவை கைத்திறனை நம்பிய தொழில்கள். இறால் உரிக்கும் கொட்டகையில் விரல்களின் விரைவே கூலியை நிர்ணயிக்கிறது. வலை பின்னுவோருக்கும் விரல்களே முதல். இத்தகைய ஒருவருடைய கை மெல்ல மெல்லத் தளர்ந்து, ஓய்வாக இருக்கும்போது நடுங்கத் தொடங்கினால், குடும்பத்தின் வருவாயும் அதனுடன் தளர்கிறது. அண்டை அயலார் அதனை ‘முதுமை’ என்று கூறிவிடுகின்றனர். ஆனால் அது பல வேளைகளில் முதுமை அன்று. பார்க்கின்சன் நோய் என்று உலகம் அறிந்த நடுக்குவாதம்.

கேரளத்தில் இந்நோய் தனிக் கவனம் பெற வேண்டியதற்குக் காரணம் உண்டு. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாநில மக்களில் 60 வயதைக் கடந்தோர் 12.6 விழுக்காடு; அப்போது அகில இந்திய விகிதம் 8.6 விழுக்காடாகும். 2031இல் கேரளத்தின் விகிதம் 20.9 விழுக்காட்டை எட்டும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. அதாவது, ஐவரில் ஒருவர் முதியவராக இருப்பார். உலக அளவில் 60 வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவருக்கு இந்நோய் காணப்படுகிறது என்பது பொதுவான கணிப்பு. கல்வியும் சுகாதாரமும் வளர்ந்ததன் பயனாக ஆயுள் நீண்டது. நீண்ட ஆயுளோடு முதுமைக்கால நோய்களும் வந்து சேர்ந்தன.

அழிந்துபோன நரம்பணுக்களுக்கு ஈடாகப் புதிய நரம்பணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து மூளையில் பதிக்கலாம் என்ற செய்தி அண்மை ஆண்டுகளில் அடிக்கடி வெளிவருகிறது. இச்செய்தியில் எவ்வளவு மெய், எவ்வளவு எதிர்பார்ப்பு என்பதை மாணவரும் அலுவலரும் பிரித்தறிதல் இன்றியமையாதது. இத்துறையில் கொச்சி நகரிலேயே ஓர் ஆய்வு நடைபெற்றிருக்கிறது என்பதும் அறியத்தக்கது.

நோயின் இயல்பு

1817ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயை முறையாக விவரித்து ஒரு சிறு நூலை வெளியிட்டார். ஓய்விலிருக்கும்போது கை நடுங்குதல், அசைவுகள் மந்தமாதல், தசைகள் விறைத்தல், நிலைதடுமாறுதல் ஆகிய நான்கும் இதன் முதன்மைக் குறிகள். எழுத்து வரவரச் சிறுத்துப் போதல், சட்டைப் பொத்தானை மாட்ட இயலாமை, முகத்தில் உணர்ச்சி தோன்றாமை, நடக்கும்போது ஒரு கை வீசாமை ஆகியவை தொடக்ககால அடையாளங்கள். மலச்சிக்கலும் மோப்ப உணர்வுக் குறைவும் இவற்றுக்குப் பல ஆண்டுகள் முன்பே தோன்றக்கூடும்.

நோயின் இருப்பிடம் நடுமூளை. அங்கே கருமை நிறம் பொருந்திய ஒரு சிறு பகுதி உண்டு. அதனைக் கருந்திட்டு எனலாம். அங்குள்ள நரம்பணுக்கள் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கின்றன. அவற்றின் நீண்ட இழைகள் மூளையின் உட்பகுதியிலுள்ள கோட்டுடல் என்னும் பகுதிவரை சென்று, அங்கே டோபமினை வெளியிடுகின்றன. உடலசைவைத் தொடங்குவதற்கும் சீராக நடத்துவதற்கும் இது தேவை. நடுக்குவாதத்தில் இந்நரம்பணுக்கள் படிப்படியாக அழிகின்றன. ஏறத்தாழப் பாதியோ அதற்கு மேலோ அழிந்த பின்னரே வெளிக்குறிகள் தோன்றுகின்றன. ஆகவே, நோய் கண்டறியப்படும் நாளன்று இழப்பின் பெரும்பகுதி ஏற்கெனவே நிகழ்ந்துவிட்டிருக்கும்.

உடலின் பல உறுப்புகளில் பழைய உயிரணுக்கள் மடியப் புதியவை தோன்றுகின்றன. தோலும் இரத்தமும் இதற்குச் சான்று. கருந்திட்டிலுள்ள நரம்பணுக்களோ ஒருமுறை அழிந்தால் மீண்டும் தோன்றுவதில்லை. புறத்திலிருந்து உயிரணுக்களைக் கொண்டுவந்து நடும் எண்ணம் எழுந்தது இக்காரணத்தினால்தான்.

மருந்தின் வரலாறு

டோபமின் மூளையில் செய்திகடத்தும் பொருள் என்பதை 1950களின் பிற்பகுதியில் சுவீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன் நிறுவினார். 2000ஆம் ஆண்டில் அவர் நோபல் பரிசு பெற்றார். நடுக்குவாத நோயாளரின் மூளையில் டோபமின் குன்றியிருப்பதை 1960இல் வியன்னாவில் ஹார்னிகீவிச் கண்டறிந்தார். டோபமினை நேரடியாகக் கொடுத்தால் அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவதில்லை. ஆகையால் மூளைக்குள் சென்றபின் டோபமினாக மாறும் லெவோடோபா என்னும் பொருள் பயன்படுத்தப்பட்டது. 1961இல் அது முதன்முதல் நோயாளருக்குச் செலுத்தப்பட்டது. 1967இல் கோட்சியாஸ் என்பவர் வாய்வழியாக உயர்ந்த அளவில் கொடுத்து நிலையான பயனைக் காட்டினார்.

இவ்வரலாற்றில் தமிழகத்துக்கும் ஓர் இடம் உண்டு. சென்னையில் தாமோதரன், ராமசாமி ஆகிய இரு வேதியியலறிஞர்கள் பூனைக்காலி விதையிலிருந்து இதே லெவோடோபாவைப் பிரித்தெடுத்து 1937இல் கட்டுரை வெளியிட்டனர். அப்போது அப்பொருளின் மருத்துவப் பயனை உலகம் அறிந்திருக்கவில்லை. கேரளத்தில் நாய்க்குரணை என்று வழங்கும் இக்கொடியின் விதை, கம்பவாதம் என்று பழைய மருத்துவ நூல்கள் கூறும் நடுக்க நோய்க்கு ஆயுர்வேதத்தில் பயன்பட்டு வந்துள்ளது.

லெவோடோபா இன்றும் தலைசிறந்த மருந்தாகவே விளங்குகிறது. கார்பிடோபாவுடன் சேர்ந்த இம்மருந்து நாட்டின் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. ஆயினும் சில ஆண்டுகளுக்குப் பின் ஒவ்வொரு வேளை மருந்தின் பயனும் விரைவில் தீர்ந்துவிடுகிறது. இடையிடையே உடல் கட்டுப்பாடின்றி அசையும் தொல்லையும் தோன்றுகிறது. மூளையில் மின்முனைகளைப் பதித்துத் தூண்டும் அறுவை முறை இந்நிலையில் தக்க நோயாளருக்குப் பயன்படுகிறது. திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்திலும் கொச்சியிலும் இவ்வறுவை செய்யப்படுகிறது. ஆனால் அதற்குப் பல லட்ச ரூபாய் தேவை. மேலும், மருந்தோ மின்தூண்டலோ அழிந்த நரம்பணுவை மீட்பதில்லை.

நரம்பணு நடுதல்: முதல் முயற்சிகள்

1987இல் சுவீடனின் லுண்ட் நகரில், கருச்சிதைவுற்ற சிசுக்களின் நடுமூளைத் திசுவை நோயாளரின் மூளையில் பதிக்கும் முயற்சி தொடங்கியது. சிலரிடம் வியக்கத்தக்க முன்னேற்றம் காணப்பட்டது. ஆனால் ஒரு நோயாளருக்குப் பல சிசுக்களின் திசு தேவைப்பட்டது. இதனால் அறநெறி வினாக்கள் எழுந்தன. திசுவின் தரமும் ஒவ்வொரு முறையும் வேறுபட்டது.

பின்னர் அமெரிக்காவில் இரண்டு கடுமையான சோதனைகள் நடைபெற்றன. நோயாளரில் ஒரு பிரிவினருக்கு உண்மையான நடுகையும், மற்றொரு பிரிவினருக்கு மண்டையோட்டில் துளையிடுவது மட்டுமான போலி அறுவையும் செய்யப்பட்டன. யாருக்கு எது என்பது நோயாளருக்கும் மதிப்பிடுவோருக்கும் தெரியாது. 2001, 2003 ஆகிய ஆண்டுகளில் முடிவுகள் வெளியாயின. முதன்மையாக எதிர்பார்த்த பயன் இரண்டிலும் நிறுவப்படவில்லை. நடுகை பெற்றவர்களுள் சிலருக்கு மருந்தை நிறுத்தியபோதும் கட்டுப்பாடற்ற அசைவுகள் நீடித்தன. நடப்பட்ட திசுவில் செரட்டோனின் சுரக்கும் நரம்பணுக்கள் கலந்திருந்தது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பது பின்னர்ப் புலனாயிற்று. 11 முதல் 16 ஆண்டுகள் வரை மூளையில் வாழ்ந்த நடப்பட்ட உயிரணுக்கள் சிலவற்றிலும் நோயின் அடையாளமான புரதத் திரள்கள் தோன்றியிருந்ததை 2008இல் ஆய்வாளர் கண்டனர்.

இம்முயற்சிகள் மூன்று பாடங்களை அளித்தன. நடப்படும் நரம்பணு மனித மூளையில் பல்லாண்டு வாழக்கூடும். நடப்படுவது சரியான வகை உயிரணுவாக, கலப்பின்றி, அளவறிந்து இருத்தல் வேண்டும். நோயாளர் தாமே உணரும் முன்னேற்றம் சிகிச்சையின் பயனுக்குப் போதிய சான்றாகாது. போலிச் சிகிச்சை பெற்றவர்களும் முன்னேற்றம் உணர்ந்ததுண்டு.

குருத்தணு என்பது யாது?

தன்னைப் போன்ற உயிரணுக்களைத் தொடர்ந்து பெருக்கவும், வேறு வகை உயிரணுவாக மாறவும் வல்லது ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணு. வாழையடியில் தோன்றும் கன்று வாழையாக மட்டுமே வளரும். அதுபோல முதிர்ந்த உடலிலுள்ள குருத்தணுக்களும் பெரும்பாலும் தத்தம் குடும்பத்து உயிரணுக்களையே தருகின்றன. எலும்பு மச்சையிலுள்ள குருத்தணு இரத்த அணுக்களைத் தருவது இதற்கு எடுத்துக்காட்டு. கரு உருவான முதற்சில நாள்களில் காணப்படும் உயிரணுக்களோ உடலின் எவ்வகை உயிரணுவாகவும் மாறவல்லவை. 1998இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் தாம்சன் இத்தகைய மனிதக் கருக் குருத்தணுக்களை முதன்முதல் வளர்த்தார்.

2006இல் ஜப்பானின் கியோத்தோ நகரில் ஷின்யா யமனாக்கா, எலியின் சாதாரண உயிரணுவில் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, அதனைக் கருக் குருத்தணுவின் நிலைக்கே திருப்பினார். மறு ஆண்டு மனிதத் தோல் உயிரணுவிலும் இது கைகூடியது. இவை தூண்டப்பட்ட குருத்தணுக்கள் எனப்படுகின்றன. இதற்காக 2012இல் ஜான் கர்டனுடன் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கருவைச் சிதைக்காமலே குருத்தணு பெறும் வழி இவ்வாறு பிறந்தது.

‘ஸ்டெம் செல் சிகிச்சை’ என்ற ஒரே பெயரால் இரு வேறு செயல்கள் குறிக்கப்படுவதை இங்கே கருத்தில் கொள்ள வேண்டும். ஒன்று, எவ்வகை உயிரணுவாகவும் மாறவல்ல குருத்தணுவை ஆய்வுக்கூடத்தில் டோபமின் நரம்பணுவின் முன்னோடியாக மாற்றி நடுவது. மற்றொன்று, எலும்பு மச்சை, கொழுப்பு போன்றவற்றிலிருந்து எடுத்த உயிரணுக்களைச் செலுத்துவது. பின்னதில் செலுத்தப்படும் உயிரணுக்கள் சுரக்கும் சில பொருள்கள் நரம்பணுவுக்கு ஊட்டமளிக்கலாம். ஆனால் அவை கருந்திட்டு நரம்பணுக்களின் இடத்தை நிரப்பும் என்பது மனிதரிடம் நிறுவப்படவில்லை. விளம்பரங்கள் மறைப்பது இவ்வேறுபாட்டையே.

ஆய்வுக்கூடத்தில் நரம்பணு வளர்ப்பு

குருத்தணுவை நரம்பணுவாக்குவது, கருப்பையில் சிசுவின் மூளை உருவாகும் ஒழுங்கை வளர்ப்புக் கலத்தில் பின்பற்றுவதாகும். முதலில், குருத்தணு தோலாகவோ தசையாகவோ மாறத் தூண்டும் இருவகை வேதிச் சைகைகள் தடுக்கப்படுகின்றன. அது நரம்புத் திசுவின் பாதையில் செல்கிறது. அடுத்து, நரம்புக் குழலின் அடித்தளப் பகுதிக்குரிய சைகை அளிக்கப்படுகிறது. அதனுடன், குழலின் முன்பின் நிலையைக் குறிக்கும் மற்றொரு சைகை அளவறிந்து சேர்க்கப்படுகிறது. இந்த அளவு சற்றுக் குறைந்தால் முன்மூளை உயிரணுவும், சற்று மிகுந்தால் பின்மூளை உயிரணுவும் தோன்றும். பின்மூளைப் பகுதியில் செரட்டோனின் நரம்பணுக்கள் உருவாகின்றன. முன்னர்க் கூறிய கலப்பு ஏன் ஆபத்தானது என்பது இதனால் விளங்கும். அமெரிக்காவில் லோரன்ஸ் ஸ்டூடரின் குழு 2011இலும், சுவீடனில் மாலின் பார்மரின் குழு 2012இலும் வெளியிட்ட முறைகள் இதில் திருப்புமுனையாக அமைந்தன.

ஏறத்தாழ இரண்டு முதல் நான்கு வாரங்களில் முன்னோடி உயிரணுக்கள் கிடைக்கின்றன. முழுமையாக முதிர்ந்த நரம்பணு நடுகையைத் தாங்காது மடிந்துவிடும். ஆகவே, நாற்றங்காலில் தக்க பருவத்தில் பயிரைப் பிடுங்கி நடுவதுபோல, முன்னோடிப் பருவத்திலேயே நடப்படுகிறது. மூளைக்குள் அவை முதிர்ந்து இழை பரப்பப் பல மாதங்கள் ஆகின்றன.

நடுவதற்கு முன் செய்யப்படும் சோதனைகள் பல. மாறாத குருத்தணு சில எஞ்சியிருந்தாலும் மூளையில் கட்டி வளரக்கூடும்; ஆதலால் அத்தகையவை இல்லை என்பது உறுதி செய்யப்பட வேண்டும். குரோமோசோம்கள் பழுதுபடவில்லை என்பதும், கிருமித்தொற்று இல்லை என்பதும் காணப்பட வேண்டும். பின்னர் விலங்குகளிடம் பல மாதம் சோதிக்கப்படுகிறது.

கொச்சி ஆய்வு

கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நகரின் வடகிழக்கே களமசேரியில், இடக்கொச்சிக்கு ஏறக்குறைய எதிர்க்கோடியில் அமைந்துள்ளது. 1971இல் தொடங்கிய இப்பல்கலைக்கழகத்தின் உயிரித் தொழில்நுட்பத் துறையில், பேராசிரியர் சி. எஸ். பாலோஸ் வழிகாட்டுதலில் நரம்பியல் ஆய்வுகள் நடைபெற்றன. அக்குழு நடுக்குவாதம் குறித்துச் செய்த எலி ஆய்வொன்று 2011இல் வெளியாயிற்று.

ஆய்வுமுறை பின்வருமாறு அமைந்தது. டோபமின் நரம்பணுக்களைக் கொல்லும் நச்சுப்பொருள் ஒன்றை எலியின் மூளையில் ஒரு பக்கத்தில் மட்டும் செலுத்தினர். அப்பக்கம் டோபமின் குன்றுவதால், குறிப்பிட்ட மருந்தைக் கொடுத்ததும் எலி ஒரே திசையில் வட்டமிடத் தொடங்கும். அச்சுற்றுகளை எண்ணிச் சேதத்தின் அளவை அறியலாம். எளிய இம்முறை உலகெங்கும் நடுக்குவாத ஆய்வில் கையாளப்படுகிறது. பின்னர் எலிகளைப் பல பிரிவுகளாக்கி, செரட்டோனின், காபா என்னும் இரு செய்திகடத்திப் பொருள்களையும் எலும்பு மச்சை உயிரணுக்களையும் தனித்தனியாகவும் சேர்த்தும் கொடுத்தனர். மூளைப் புறணியில் ஏற்பட்ட வேதிமாற்றங்கள் அளவிடப்பட்டன. மச்சை உயிரணுக்களுடன் செரட்டோனினும் காபாவும் சேர்ந்து அளிக்கப்பட்ட பிரிவில், மாறுபட்டிருந்த அளவுகள் இயல்பு நிலையை நோக்கித் திரும்பின.

இவ்வாய்வின் கருத்து தெளிவானது. உயிரணுவைக் கொண்டுசென்று இட்டால் மட்டும் போதாது. அது பிழைத்துப் பணிபுரியத் தக்க வேதிச்சூழலும் தேவை. நாற்று நட்டவுடன் நீரும் உரமும் வேண்டியிருப்பதை ஒத்தது இது. நடப்பட்ட திசுவில் கலந்த செரட்டோனின் நரம்பணுக்கள் தொல்லை விளைவித்தன என்று மேலே கண்டோம். இங்கோ செரட்டோனின் துணைப்பொருளாகப் பயன்பட்டது. ஒரே பொருள், தரும் இடத்தையும் அளவையும் காலத்தையும் பொறுத்து நன்மையோ தீமையோ பயக்கலாம் என்பது இதனால் பெறப்படுகிறது.

ஆயினும் ஆய்வின் எல்லையையும் உணர வேண்டும். நச்சுப்பொருளால் சில நாள்களில் சேதமுற்ற எலிமூளையும், பல்லாண்டுக் காலம் மெல்ல நலிந்த மனித மூளையும் ஒன்றல்ல. எலியின் மூளையில் இழை கடக்க வேண்டிய தூரமும் மிகக் குறைவு. இத்தகைய ஆய்வு மேலும் ஆராய வழிகாட்டுவது. மருத்துவமனையில் நோயாளருக்கு அளிக்க அனுமதி தருவதன்று.

மனிதரிடம் நடந்த சோதனைகள்

பெங்களூரில் நரம்பு அறுவை மருத்துவர் என். கே. வெங்கடரமணாவின் குழு, ஏழு நோயாளருக்கு அவரவர் எலும்பு மச்சையிலிருந்து வளர்த்த உயிரணுக்களை மூளையில் செலுத்தி, 10 முதல் 36 மாதங்கள் வரை கவனித்து, 2010இல் முடிவுகளை வெளியிட்டது. கடுமையான தீங்கு எதுவும் காணப்படவில்லை. மூவரிடம் நிலையான முன்னேற்றம் தென்பட்டது. ஒப்பிடுவதற்கு வேறு பிரிவு இல்லாமையாலும் எண்ணிக்கை சிறிதாகையாலும் சிகிச்சையின் பயனை இதனால் நிறுவ இயலாது என்று ஆய்வாளர்களே எழுதினர். இந்த நேர்மை போற்றத்தக்கது.

டோபமின் நரம்பணுவின் முன்னோடிகளை நடும் சோதனைகளில் இரண்டின் முடிவுகள் 2025 ஏப்ரலில் வெளியாயின. கியோத்தோ பல்கலைக்கழகத்தில் ஜுன் தகஹாஷியின் குழு, தூண்டப்பட்ட குருத்தணுவிலிருந்து வளர்த்த உயிரணுக்களை 50 முதல் 69 வயது வரையுள்ள ஏழு பேருக்கு மூளையின் இருபுறமும் நட்டு, இரண்டாண்டுகள் கவனித்தது. கட்டி எதுவும் வளரவில்லை. கடுமையான தீங்கும் நேரவில்லை. பயன் மதிப்பிடப்பட்ட அறுவரில் நால்வருக்கு, மருந்தின் பயன் தீர்ந்த வேளையிலும் உடலசைவு மேம்பட்டது. கோட்டுடலின் ஒரு பகுதியில் டோபமின் ஆக்கம் சராசரியாக 44.7 விழுக்காடு உயர்ந்ததைக் கதிரியக்கப் படங்கள் காட்டின.

அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த மற்றொரு சோதனையில், கருக் குருத்தணுவிலிருந்து பெற்ற முன்னோடிகள் 12 பேருக்கு நடப்பட்டன. நோயாளரின் உடல் அயல் உயிரணுக்களை ஒதுக்காதிருக்க, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து ஓராண்டு கொடுக்கப்பட்டது. அதை நிறுத்திய பின்னரும் நடப்பட்டவை வாழ்வது படங்களில் தெரிந்தது. உயர்ந்த எண்ணிக்கையில் உயிரணு பெற்றோரிடம் முன்னேற்றம் மிகுதி. லுண்ட், கேம்பிரிட்ஜ் ஆய்வாளரின் கூட்டுச் சோதனையில் முதல் நோயாளருக்கு 2023 பிப்ரவரியில் நடுகை செய்யப்பட்டது.

இவை பாதுகாப்பை அறியும் முதற்கட்டச் சோதனைகள். இவற்றில் போலி அறுவைப் பிரிவு இல்லை. 2001, 2003 ஆண்டுகளின் பாடத்தை மறவாதிருத்தல் இங்கே தேவை. போலி அறுவையுடன் ஒப்பிடும் பெருஞ்சோதனை அமெரிக்க நிறுவனத்தால் 2025இல் தொடங்கப்பட்டது. ஜப்பானில் விற்பனை அனுமதி கோரும் விண்ணப்பம் அதே ஆண்டு ஆகஸ்டில் அளிக்கப்பட்டது. குறைந்த எண்ணிக்கையிலான நோயாளரிடம் கண்ட சான்றைக் கொண்டு, காலவரையறையும் நிபந்தனையும் விதித்து அனுமதி வழங்க அந்நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது.

சோதனையும் விற்பனையும்

நோயால் நலிந்த குடும்பம் நம்பிக்கை தரும் எதனையும் பற்றிக்கொள்ள விழைவது இயல்பு. நகையை விற்றும் வீட்டை அடகு வைத்தும் ‘ஸ்டெம் செல் ஊசி’ போட்டுக்கொள்ளும் நிலை இதனால் உண்டாகிறது. இழந்த பொருள் திரும்புவதில்லை. அதனினும் மேலாக, பயனுள்ள மருந்தை நிறுத்திவிட்டால் உடல்நிலையும் கெடுகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2007இல் முதன்முதல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டன. 2013இலும் 2017இலும் அவை திருத்தப்பட்டன. இரத்த நோய்கள் முதலிய ஏற்கப்பட்ட சில நிலைகளுக்கான இரத்தக் குருத்தணு மாற்றம் நீங்கலாக, ஏனைய பயன்பாடுகள் ஆராய்ச்சியாகவே கருதப்படும் என்று 2017 நெறிகள் கூறுகின்றன. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகளின்படி குருத்தணுவிலிருந்து ஆக்கப்பட்ட பொருள் ‘புதிய மருந்து’ ஆகும். அனுமதியின்றி அதனைச் சோதிக்கவோ விற்கவோ கூடாது.

தம்மிடம் ஆலோசனை கேட்டு வரும் குடும்பத்தினருக்கு ஊராட்சி, நகராட்சி அலுவலரும் சுகாதாரப் பணியாளரும் ஐந்து வினாக்களைச் சொல்லித்தரலாம். செலுத்தப்படுவது எவ்வகை உயிரணு? இது இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவாகியுள்ளதா? மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் அறநெறிக் குழுவும் அனுமதி அளித்தனவா? தீங்கு நேரின் மருத்துவச் செலவையும் இழப்பீட்டையும் தருபவர் யார்? பணம் கேட்கப்படுகிறதா? முறையான சோதனையில் நோயாளர் சோதனைச் சிகிச்சைக்குக் கட்டணம் செலுத்துவதில்லை. ஆகவே, கடைசி வினாவுக்கு ‘ஆம்’ என்று விடை வருமாயின், அங்கே நடப்பது சோதனையன்று, விற்பனை.

உள்ளாட்சியின் பங்கு

நரம்பணு நடுகை நாளை கைகூடினாலும், அது தேர்ந்தெடுத்த சிலருக்கே முதலில் கிட்டும். நடுகைக்குப் பின்னும் மருந்தும் பயிற்சியும் கண்காணிப்பும் பல்லாண்டு தேவைப்படும். மேலும், டோபமின் குறைவால் வரும் அசைவுக் கேட்டையே நடுகை சீர்செய்ய முயல்கிறது. நினைவுக்குறைவு, மலச்சிக்கல், மனச்சோர்வு முதலியவற்றை அது நீக்கும் எனக் கூறவியலாது. ஆகையால் இன்றுள்ள எளிய பராமரிப்பை வலுப்படுத்துவதே நாளைய உயர்ந்த சிகிச்சைக்கும் அடித்தளமாகும்.

இதற்கான அமைப்புகள் கேரளத்தில் உள்ளன. 2008இல் மாநில அரசு வலிநிவாரண, தணிப்புப் பராமரிப்புக் கொள்கையை அறிவித்தது. அதன்படி உள்ளாட்சி மன்றங்களின் ஆதரவில் செவிலியர் வீடு தேடிச் சென்று படுக்கையிலுள்ளோரைக் கவனிக்கின்றனர். நகர்ப்புற முதியோருக்கான ‘வயோமித்ரம்’ திட்டம் நடமாடும் மருத்துவ முகாம் வழியாக மருந்து அளித்து வந்துள்ளது. இவற்றில் பணிபுரிவோர் நடுக்குவாதத்தின் தொடக்கக் குறிகளைக் கண்டறியப் பயிற்சி பெற்றால், இடக்கொச்சி போன்ற பகுதிகளில் ‘முதுமை’ என்று ஒதுக்கப்படுவோர் உரிய காலத்தில் நரம்பியல் மருத்துவரைக் காண இயலும்.

பராமரிப்பில் சிறு செய்திகளும் பெரும்பயன் தருவன. லெவோடோபாவை வேளை தவறாமல் உட்கொள்ள வேண்டும். மருத்துவரைக் கேளாது நிறுத்துதல் ஆபத்து. புரதம் மிக்க உணவு இம்மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும். மீன் இன்றி உணவில்லாத கொச்சி வட்டாரத்தில் இது முக்கியமானது. மீனை விட்டுவிட வேண்டியதில்லை; உணவுக்கு அரைமணி நேரம் முன்பே மாத்திரையை உட்கொண்டால் போதும். அன்றாட நடைப்பயிற்சியும் இயன்முறைப் பயிற்சியும் விழுவதைக் குறைக்கும். வழுக்காத தரை, கழிப்பறையில் கைப்பிடி, வாசற்படியில் வெளிச்சம் ஆகியவற்றுக்கு ஆகும் செலவு, ஓர் எலும்பு முறிவுக்கு ஆகும் செலவைவிட மிகக் குறைவு. வீட்டில் கவனித்துக்கொள்பவர் பெரும்பாலும் பெண்ணாகவே இருக்கிறார்; அவருடைய ஓய்வும் வருவாயும் திட்டமிடுவோரின் கணக்கில் சேர வேண்டும்.

முடிவுரை

பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபா பிரிக்கப்பட்ட 1937க்கும், அது உறுதியான மருந்தாக நிலைபெற்ற 1967க்கும் இடையே முப்பது ஆண்டுகள் கழிந்தன. நடுமூளைத் திசுவை நட்ட 1987க்கும், வளர்த்த நரம்பணுவின் முதல் நற்செய்திகள் வந்த 2025க்கும் இடையே 38 ஆண்டுகள். அறிவியல் மெல்லவே நடக்கிறது. ஒவ்வொரு படியிலும் தன் தவற்றைத் தானே திருத்திக்கொண்டு முன்னேறுகிறது. களமசேரி ஆய்வும் பெங்களூர்ச் சோதனையும் அந்நெடும்பாதையின் படிகளேயாகும்.

நம் பல்கலைக்கழகங்களில் இவ்வாய்வு தொடர்வதற்கு நிதியும் ஊக்கமும் அளிப்பது அரசின் ஒரு கடமை. ஆய்வு நிறைவுறாத பொருளை ஏழை நோயாளரிடம் விற்காதவாறு காப்பது மற்றொரு கடமை. மாத்திரையும் பயிற்சியும் பரிவும் இடக்கொச்சியின் காயலோர வீடுகள்வரை தவறாது சென்று சேருமாறு செய்வது மூன்றாவது கடமை. இம்மூன்றாம் கடமைக்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. அதனை இன்றே நிறைவேற்றலாம்.